திருப்பிப் பூட்டிய பாதம்

எனக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. நடை நிற்கும். கோயிலில் நற்கருணை வாங்க வரிசையில் போகிறவர்களைப் பின்னாலிருந்து பார்த்தே யாருக்கு இடுப்பு மூட்டுத் தேய்கிறது, யார் முழங்காலை மடக்காமல் ஏமாற்றுகிறார், யாருக்குச் செருப்புக் கடிக்கிறது என்று சொல்லிவிடுவேன். செத்தவீட்டிலும் அதே புத்திதான். பெட்டி தூக்கிப் போகிறவர்களில் ஒருவர் மற்றவர்களைவிட அடியைக் குறுக்கி வைத்தால் என் கண் அங்கேயே போய் நின்றுவிடும். ஒருமுறை அம்மா என் கையில் கிள்ளி, "உனக்கு அழுகையே வராதோடி?" என்று கேட்டா. வரவில்லை. அந்த மனுசன் அடியை ஒழுங்காக வைத்திருந்தால் ஒருவேளை வந்திருக்கும்.

சண்டை முடிந்து சனங்கள் முகாம்களிலிருந்து ஊர்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. கால் இழந்தவர்களுக்குப் பொய்க்கால் செய்து, அதில் நடக்கப் பழக்கும் ஒரு பட்டறை மன்னாரில் இருந்தது. கொழும்பில் படித்துவிட்டு வந்த எனக்கு அங்கே வேலை கிடைத்தது. உடம்பு எப்படி அசைகிறது, எலும்பு எங்கே நெம்புகிறது, தசை எந்தப் பக்கம் இழுக்கிறது, காலை ஊன்றும்போது தரை எவ்வளவு பலத்தோடு திருப்பி உதைக்கிறது என்பதெல்லாம்தான் என் படிப்பு. எனக்கு அந்தப் படிப்பு பிடித்துப்போனதற்கு ஒரே காரணம், அதில் இரக்கத்துக்கு வேலை இல்லை. கணக்குச் சரியென்றால் ஆள் நடப்பார், பிழையென்றால் விழுவார். அவருடைய கண்ணீரையோ குடும்பக் கதையையோ கேட்டுக் கால் நீளம் கூடப்போவதில்லை.

பட்டறையில் பிடித்து நடக்க இரண்டு இரும்புக் கம்பிகள், சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி, சீமெந்துத் தரையில் மஞ்சள் கோடுகள், ஒரு கதிரையில் பூட்டி வைத்த சின்னக் கமெரா எல்லாம் இருந்தன. இடது அடியும் வலது அடியும் ஒரே நீளமாக விழவேண்டும் என்பது என் சட்டம். கண்ணாடி முன்னால் நின்று யாராவது அழுதால், அழுது முடியும்வரை நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகு, "முடிஞ்சுதோ? சரி, வலது காலை எடுங்கோ" என்பேன். என்னிடம் வந்தவர்களுக்கு என்னைப் பிடிக்காது. ஆனால் ஒருவரும் என்னிடமிருந்து நொண்டிக்கொண்டு வெளியே போனதில்லை. அதில் எனக்குச் சொல்ல முடியாத பெருமை.

அவர் வந்தது சோளகக் காற்று அடித்து வலை இறக்க முடியாத ஒரு காலத்தில். நாற்பது வயதிருக்கும். வங்காலைப் பக்கத்துக் கரை ஒன்றைச் சேர்ந்தவர். இடம்பெயர்ந்து வெள்ளாங்குளம் தாண்டிப் போன வழியில் செல் விழுந்து வெடித்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிருந்தது. முகாமில் இருந்துவிட்டு, மனைவியும் தானுமாக ஊருக்குத் திரும்பித் தறப்பாள் கூடாரத்தில் இருந்தார். படிவத்தில் தொழில் என்ற இடத்துக்கு வந்ததும், "கரைவலை" என்றார். நான் "மீன்பிடி" என்று எழுதினேன்.

கரைவலை என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. மன்னாரில் பிறந்து அதைப் பார்க்காமல் எப்படி வளர்வது? வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் வளைத்து விட்டுவிட்டு, அதன் இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இரண்டு கூட்டமாக இழுப்பார்கள். நூறு தரம் பார்த்திருப்பேன். அவ்வளவு தரம் பார்த்தும், ஆட்களின் நடையை விட்டு வேறெதையும் பார்க்காத என் கண்ணுக்கு ஒரு விசயம் மட்டும் படவே இல்லை. கரைவலை இழுக்கிறவர்கள் முன்னால் நடப்பதில்லை. கடலைப் பார்த்து நின்று, கயிற்றை இடுப்பில் கொளுவி, உடம்பை மல்லாத்திப் பின்னுக்குப் பின்னுக்கு மணலில் ஏறுவார்கள். மேட்டுக்கு வந்ததும் கயிற்றைக் கழற்றிவிட்டு, வெறுங்கையோடு தண்ணீர் ஓரத்துக்கு நடந்து வந்து மறுபடி கொளுவுவார்கள். முன்னுக்கு வருவது சும்மா வருவது. உழைப்பு முழுக்கப் பின்னுக்குத்தான்.

வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் அவருக்கு ஒரு தவணை சொல்லியிருந்தார். சோளகம் அடங்கி முதல் வலை இறங்கும் நாளில் அவர் கயிற்றில் நிற்கவேண்டும். அதுவரைக்கும் அவருடைய இடத்துக்கு ஆள் போடமாட்டேன், அன்றைக்கு அவரால் இழுக்க முடியாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று. பதினாறு வயதிலிருந்து அவர் நின்ற இடம் அது. படகும் வலையும் இல்லாத மனிதருக்கு அந்தக் கரையில் இருந்த ஒரே உரிமை கயிற்றில் அந்த இடம்தான். இதை அவர் எனக்கு வந்த முதல் நாளே சொன்னார். நான் காலின் அளவை எடுத்துக்கொண்டிருந்தேன்.

நன்றாகப் பழகினார். சொன்னதைச் செய்வார், முனகமாட்டார். ஆனால் ஒரு பழக்கம். நான் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், கம்பிகளுக்கு நடுவே பின்னுக்கு நடக்கத் தொடங்கிவிடுவார். முதல் தரம் விளையாட்டு என்று நினைத்தேன். இரண்டாம் தரம் சத்தம் போட்டேன்.

"என்ன அண்ணை இது? கண்ணை முன்னுக்கு வச்சதென்னத்துக்கு?"

"பின்னுக்குப் போகேக்குள்ள குதிக்கால் தாங்குமோ எண்டு பாக்கிறன் மிஸ்."

"நண்டுகூடப் பக்கவாட்டிலதான் போகும். நீங்கள் முதல்ல மனுசர் மாதிரி நடவுங்கோ."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் பின்னுக்கு வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் தண்டனையாக முழு நீளத்தையும் இரண்டு தரம் நடக்கவைத்தேன். இன்றைக்கு நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையவேண்டும் போலிருக்கிறது. அன்றைக்கு என்னவோ பெரிய வாத்தியார் வேலை பார்த்த திருப்தி.

அவர் காலை வாங்கிக்கொண்டு போன நாளில் அவர் நடையைக் கமெராவில் பிடித்தேன். மஞ்சள் கோட்டில் ஒரு அடி பிசகவில்லை. எது பொய்க்கால் என்று கண்டுபிடியுங்கள் பார்ப்போம் என்று கொழும்பிலிருந்து பட்டறையைப் பார்வையிட வரும் பெரியவர்களிடம் கேட்பதற்காகவே அந்தப் படத்தை வைத்திருந்தேன்.

சோளகம் அடங்கியது. முதல் வலை இறங்கி ஒரு கிழமைக்குள் அவர் பட்டறைக்குத் திரும்பி வந்தார். முகம் கறுத்து, முழங்காலின் பின்பக்கம் வீங்கியிருந்தது.

"மிஸ், முன்னுக்கு நல்லாப் போகுது. ஒரு குறையும் சொல்லேலாது. கயிற்றை இழுக்கேக்குள்ளதான் குதி புதைஞ்சு ஆளை மல்லாத்துது. மற்றவங்கள் எனக்கும் சேர்த்து இழுக்கிறாங்கள். சம்மாட்டியார் ஒண்டும் சொல்லேல்லை, ஆனா பாத்துக்கொண்டு நிக்கிறார்." கொஞ்சம் தயங்கினார். "பாதத்தைத் திருப்பிப் போட்டுத் தருவியளோ? குதி முன்னுக்கும் விரல் பின்னுக்குமா?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்தது மட்டுமா, உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு, "இஞ்ச வாங்கோ, அண்ணைக்குப் பேய்க்கால் வேணுமாம்" என்று சொன்னேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீக்கத்துக்கு ஒத்தடம் போடச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

பிறகு சில கிழமைகளாக அவர் வரவில்லை. வராவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்பதுதான் எங்கள் கந்தோரில் எழுதாத சட்டம். பெரியவர்கள் வரப்போகிறார்கள் என்று அறிவித்தல் வந்ததும் எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. கண்ணாடிக்கு முன்னால் நடப்பதைக் காட்டினால் போதாது, அவர் கடற்கரையில் தொழில் செய்வதையே படம் பிடித்துக் காட்டவேண்டும் என்று. கமெராவைத் தூக்கிக்கொண்டு ஒரு காலையில் பஸ் ஏறிப் போனேன்.

இரண்டு கூட்டமும் இழுத்துக்கொண்டிருந்தன. அவர் நான் நின்ற பக்கக் கயிற்றில் நடுவில் நின்றார். எல்லோரையும்போல மல்லாந்து, எல்லோரையும்போல ஒரே தாளத்தில் பின்னுக்கு ஏறினார். ஒருவரும் அவருக்காக இழுக்கவில்லை. கிட்டப் போய்க் காலைப் பார்த்தேன். பாதம் திரும்பியிருந்தது. நான் சிரித்து அனுப்பிய காரியத்தைத் தானே செய்திருந்தார். உள்ளங்காலில் உள்ள துளைக்குள் பாதத்தைக் காலோடு பிடித்திருப்பது ஒரே ஒரு புரியாணி. சைக்கிள் கடையில் ஆணி திருகும் சாவி ஒன்று வாங்கி, கடற்கரைக்கு வந்ததும் ஆணியைக் கழற்றிப் பாதத்தைத் திருப்பிப் பூட்டுவாராம். வேலை முடிந்ததும் மறுபடி நேராக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவாராம்.

அவர் செய்தது சரி என்று எனக்கு ஒரு நிமிசத்தில் விளங்கிவிட்டது. படித்த படிப்பு அதற்காவது உதவியது. பின்னால் சாய்ந்து இழுக்கிறவருக்குத் தாங்கல் பின்னால் வேண்டும். மனிதப் பாதத்தின் நீளமெல்லாம் முன்னால் இருக்கிறது, பின்னால் இருப்பது நாலு விரல் அளவு குதி மட்டும். உயிருள்ள கால் கணுவை மடக்கி, விரலை மணலில் குத்திச் சமாளித்துக்கொள்ளும். நான் கொடுத்த பாதத்தில் கணு மடங்காது, குதியிலோ மெத்தென்ற ரப்பர். சாயச் சாய ரப்பர் அமுங்கிக் குதி புதையும். திருப்பிப் பூட்டினால் நீளமான முன்பாதம் பின்னால் போய் முட்டுக்கொடுக்கும். கரும்பலகையில் இதை நான் பத்து வரியில் எழுதிக் காட்டுவேன். அவர் மணலில் விழுந்து விழுந்து கண்டுபிடித்திருந்தார்.

கயிற்றைக் கழற்றிவிட்டு அவர் தண்ணீர் ஓரத்துக்கு வந்தார். திரும்பிய பாதத்தோடு முன்னுக்கு நடக்க முடியாமல் கெந்திக் கெந்தி வந்தார். நான் மாதக்கணக்கில் செதுக்கிய நடை அது. சம்மாட்டியார் என்னிடம், "தங்கச்சி, இவன்ர பேய்க்காலை எல்லாருக்கும் ஒண்டு செய்து தாங்கோ" என்று பகிடி விட்டார். கெந்தி வந்தவரோ என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "மிஸ், சரி வந்திட்டுது பாருங்கோ!" என்றார்.

எனக்கு வந்தது ஆத்திரம். என்னை விட்டுவிட்டு அவர் சரியாகச் செய்துவிட்டார் என்ற ஆத்திரம்தான், வேறொன்றுமில்லை. படம் பிடிக்காமல் திரும்பி வந்தேன்.

அடுத்த கிழமை அவர் வந்தார். பொய்க்காலில் கால்முனை நுழையும் குழிக்குள் தோல் உரசிப் புண்ணாகியிருந்தது. உள்ளே மெத்தை வைக்கவேண்டும், ஒரு மணித்தியாலம் இருங்கள் என்று சொல்லிக் காலை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். மெத்தை வைத்தேன். பிறகு பாதத்தின் புரியாணியைக் கழற்றினேன். ஆணி இளகாமல் இருக்கப் புரியில் பூசும் பசை எங்களிடம் இரண்டு நிறத்தில் இருந்தது. நீலம் பூசினால் வேண்டிய நேரம் கழற்றலாம். சிவப்பைப் பூசினால் சூடாக்கினாலொழியக் கழலாது. நான் சிவப்பைப் பூசி, பாதத்தை நேராக வைத்து, என் பலமெல்லாம் சேர்த்து முறுக்கினேன். அடிக்கடி கழற்றும் ஆணி தேய்ந்து ஒருநாள் பாதம் கழன்று விழும், அவருடைய நன்மைக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரியவர்கள் வரும் நாளில் திரும்பிய பாதத்தோடு அவர் வாசலில் வந்து நிற்பதைத்தான் நான் உண்மையில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலைக் கொடுக்கும்போது சிவப்புப் பசையைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் போட்டுப் பார்த்து, "நோகேல்லை மிஸ், கடவுள் உங்களுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார்" என்று சொல்லி ஒரு பொதி கருவாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார். வீட்டில் பொரித்துச் சாப்பிட்டோம். நல்ல கருவாடு.

பெரியவர்கள் வந்தார்கள், படத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள், போனார்கள். அதற்கு இரண்டு நாள் பிந்தி அவருடைய மனைவி காலைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு தனியாக வந்தா. நின்றபடியே சொன்னா.

புண் ஆறி அவர் கயிற்றுக்குத் திரும்பிய முதல் நாள் காலை கடலில் பெரிய மீன் கூட்டம் ஒன்று கறுத்துத் தெரிந்திருக்கிறது. அந்தப் பருவத்தில் அவ்வளவு பெரிய கூட்டத்தை ஒருவரும் கண்டதில்லை. எல்லோரும் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார்கள். அவர் சாவியைப் போட்டுத் திருகினார், ஆணி அசையவில்லை. ஆட்கள் கூப்பிட்டார்கள். சமாளிக்கலாம் என்று நேர்ப் பாதத்தோடேயே போய்க் கொளுவிக்கொண்டார். பாதி வலை வந்திருக்கும்போது குதி புதைந்து மல்லாக்க விழுந்தார். அவருக்குக் கீழே பின்னுக்கு ஏறிக்கொண்டிருந்த மனிதர் தடக்கி அவர்மேல் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அந்தப் பக்கக் கயிறு தொய்ந்தது. தொய்ந்த பக்கத்தால் மீனெல்லாம் போய்விட்டது. வலையின் மடி கரைக்கு வந்தபோது அதற்குள் கொழகொழத்த சொறியும் பாசியும்தான் கிடந்ததாம்.

"உப்புப் பிடிச்சு இறுகிப்போச்செண்டு அவர் சொல்லுறார், மிஸ். மண்ணெண்ணெய் ஊத்தினவர், தேங்காயெண்ணெய் ஊத்தினவர், ஒண்டுக்கும் அசையுதில்லை. தன்ர கவலையீனந்தான் எண்டு படுக்கையில கிடக்கிறார். உப்புத்தானோ மிஸ்?"

அவ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. சந்தேகப்பட்டுக் கேட்ட கேள்வி இல்லை அது. விளங்காத ஒன்றைத் தெரிந்தவரிடம் கேட்பதுபோலக் கேட்டா.

"ஓம் அக்கா, உப்புத்தான்" என்றேன். "கடற்கரைக்குக் கொண்டுபோனால் பூசிப் பராமரிக்க வேணுமெண்டு சொன்னனான்தானே."

நான் அப்படிச் சொன்னதே இல்லை. அவ, "ஓம், ஓம்" என்று தலையாட்டினா.

உள்ளே கொண்டுபோய் ஆணியைச் சூடாக்கிக் கழற்றினேன். புதிய ஆணி போட்டு, என் கையாலேயே பாதத்தைத் திருப்பிப் பூட்டினேன். பின்பக்கம் சாயும் கோணத்தை அளந்து, முழங்கால் இழுபடாமல் காலையும் கொஞ்சம் சரித்துக் கொடுத்தேன். அவர் முதலில் கேட்டபோது செய்திருந்தால் ஒரு மணித்தியால வேலை. அன்று நான் செய்ததுதான் என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சரியான கால்.

அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுச் சம்மாட்டியாரிடம் போனேன். அவர் கதிரையை எடுத்துப்போட்டு மரியாதையாகத்தான் கதைத்தார். கால் இப்போது நன்றாக இழுக்கும், நானே பொறுப்பு என்று சொன்னேன்.

"நீங்கள் சொன்னா நான் நம்புவன் தங்கச்சி. எனக்கு அவனில கோவமில்லை. ஆனா கயிற்றில அவனுக்கு மேலயும் கீழயும் நிக்க ஆள் வேணுமே? ஒருத்தனும் நிக்கமாட்டன் எண்டுறான். தன்ர காலைத் தானே கவனிக்கத் தெரியாதவனை நம்பிப் பின்னுக்கு ஏறேலாதெண்டு சொல்லுறாங்கள்." வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் தங்கச்சி, அண்டைக்கு அந்த ஆணி ஏன் கழராமப் போனது? அவன்ர பிழையில்லை, வேற ஆரும் செய்த பிழையெண்டா சொல்லுங்கோ. நான் ஆக்களைக் கூப்பிட்டு விளங்கப்படுத்துறன். இடத்துக்கு இன்னும் ஆள் போடேல்லை."

அவர் இப்படி வழியைத் திறந்து விடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சொல்லவேண்டியது ஒரே ஒரு வசனம். நான்தான் இறுக்கினேன் என்று சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். போகாமலும் விட்டிருக்கலாம். ஊர் சிரித்திருக்கும், அவ்வளவுதான். எனக்கு வந்தது பயமும் வெட்கமும்தான். படுக்கையில் கிடந்தவர்மேல் இரக்கம் வந்தது என்று பொய் சொல்லமாட்டேன்.

"உப்பு" என்றேன்.

அடுத்த நாள் அந்த இடத்துக்கு ஆள் போட்டார்கள். அவருக்கு மீன் காய்கிற இடத்தில் காகம் விரட்டும் வேலை கொடுத்தார்கள். அந்த வேலைக்குப் பின்னுக்கு நடக்கத் தேவையில்லை. சில நாட்களில் பட்டறைக்கு வந்து பாதத்தை நேராக்கித் தரச் சொன்னார். செய்து கொடுத்தேன்.

இப்போதும் குழி தளர்ந்தாலோ பட்டி அறுந்தாலோ வருவார். வந்தால் வாசலில் கிடக்கும் மர வாங்கில் இருந்துகொண்டு, புதிதாகக் கால் போட வந்திருப்பவர்களிடம் கதை கொடுப்பார். ஒவ்வொரு தரமும் அதே கதைதான்.

"உப்பு பொல்லாதது. கிழமைக்கு ஒருக்கா ஆணியைக் கழற்றிக் கிறீஸ் பூசுங்கோ. நான் பூசாம விட்டு என்ர இடத்தையும் துலைச்சு, ஒரு மனுசன்ர கையையும் முறிச்சுப்போட்டன். மிஸ்ஸைக் கேட்டுப் பாருங்கோ, அவ அப்பவே சொன்னவ."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். நான் "ஓம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளை உள்ளே வரச் சொல்வேன்.